பதில் தராத விலா எலும்பு

குறித்த கெடுவுக்குள் மனுவுக்குப் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே கருதப்படும் என்று ஒரு விதி உண்டு. கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தவரை அதைப் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நம்பி வீடு கட்டும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு நானே அதைப் பயன்படுத்திப் பார்த்தேன், என் விலா எலும்பின் மீது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் கழுவிய தண்ணீரில் கால் வழுக்கி, சிமெண்ட் மேடையின் விளிம்பில் வலது பக்கமாக விழுந்தேன். இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. வாங்கிய வஞ்சிரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"விலாவுக்கு மாவுக்கட்டு கிடையாது சார்" என்றார் மருத்துவர். "மூச்சு வுடும்போதெல்லாம் அசைஞ்சிக்கிட்டுதான் இருக்கும். ஆனாலும் ஆறு வாரத்துல தானா கூடிடும். அப்ப வந்து ஒரு படம் எடுத்துக்கங்க."

கடைசி வாக்கியத்தை நான் பொருட்படுத்தவில்லை.

மாலை வேளைகளில் நாங்கள் சிலர் பெத்தாங் ஆடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் இன்னும் ஒழுங்காக நடப்பது அது ஒன்றுதான். தரையில் ஒரு சின்ன மரக்குண்டு கிடக்கும். அதை ஒட்டி ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டுகளை வீசி நிறுத்த வேண்டும். எதிரணியின் குண்டு நெருங்கி நின்றுவிட்டால், அதைக் குறிபார்த்து அடித்து விரட்ட அணிக்கு ஒருவர் தேவை. எங்கள் அணியில் அது நான். முப்பது வருடப் பணியில் யாரையும் எந்த இடத்திலிருந்தும் என்னால் நகர்த்த முடிந்ததில்லை என்பதால், இந்தப் பொறுப்பை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அணித் தலைவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். அவர் என்னை முசியே என்பார், பிரெஞ்சில் ஐயா என்று பொருள். அதில் மரியாதை எதுவும் இல்லை.

ஆறு வாரம் முடிந்த மறுநாள் மைதானத்துக்குப் போனேன். வலி குறைந்திருந்தது. எலும்பிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

"படம் எடுத்துட்டியா முசியே?" என்றார் சொல்தா.

"எதுக்கு? கெடு முடிஞ்சிடுச்சு. பதில் வரலைன்னா சம்மதம்."

"உன் எலும்பு என்னா, கவர்மெண்ட் ஆபீஸ்லயா வேல பாக்குது?"

மூன்றாவது வீச்சில் நெஞ்சுக்கூட்டுக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. குண்டு குறி தவறவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அதன் பிறகு அந்தச் சத்தம் வீட்டோடு தங்கிவிட்டது. படுக்கையில் புரண்டால் டக். செருப்பு மாட்டக் குனிந்தால் டக். தும்மல் வரும்போலிருந்தால் தலையணையை அணைத்துக்கொண்டு காத்திருப்பேன். வெயில் காலம் முழுவதும் இப்படியே போயிற்று.

"எத்தினி பேரு ஃபைல இப்பிடித் தூங்க வுட்டீங்களோ," என்றாள் மனைவி. "இப்ப எலும்பு தூங்குது."

ஜூன் மாதம் அவள்தான் என்னை நெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மையார் ஸ்கேனைத் திரையில் போட்டார்.

"ஒண்ணு கூடிடுச்சு. கீழ இருக்கறது கூடல. ரெண்டு முனைக்கும் நடுவுல நார் மாதிரி சதை வளந்துருக்கு. சிகரெட் உண்டா?"

"இல்ல."

"சக்கரை?"

"இல்ல."

"பின்ன ஏன் கூடல?"

"இரும்புக் குண்டு எறிஞ்சேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு எறியச் சொன்னது?"

"யாரும் வேணாம்னு சொல்லல."

மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலியும் சத்தமும் இருக்கும், குண்டை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அறுவை சிகிச்சை செய்தால் கூடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. உறுதி தர மாட்டார்.

"செஞ்சிக்கிட்டா மறுபடி எறியலாமா?"

"அத நான் சொல்ல முடியாது சார். எலும்புதான் சொல்லணும். நாலு மாசம் கழிச்சி, ஸ்கேன்ல."

பொறுப்பை இவ்வளவு சுத்தமாகக் கைமாற்றிவிடும் வாக்கியத்தை நான்கூட எழுதியதில்லை. சம்மதித்தேன்.

ஜூலையில் அறுவை நடந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இடையில் வளர்ந்திருந்த நாரை நீக்கியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று உரசி உரசி எலும்பின் முனைகள் கூழாங்கல் போல வழுவழுப்பாகியிருந்தனவாம். இரத்தம் கசியும்வரை அவற்றைச் சுரண்டினால்தான் இது முறிவு என்பது உடம்புக்கு மறுபடி நினைவு வருமாம். இடுப்பெலும்பிலிருந்து துகள் எடுத்து இடைவெளியில் அடைத்து, வளைத்த டைட்டேனியத் தகடு ஒன்றைத் திருகாணிகளால் மேலே பொருத்தியிருந்தார்கள். எல்லாவற்றையும் நிபுணர் மறுநாள் விளக்கினார். நுரையீரல் சுருங்காமலிருக்க, மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்துகளை எழுப்பச் சொன்னார்.

பார்க்க வந்த சொல்தா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கயும் மூணு குண்டுதானா? எடை கொறச்சலா இருக்குதே."

"டீம் எப்படிப் போவுது?"

"உன் எடத்துக்கு என் மச்சானப் போட்டுருக்கேன்."

"நிரந்தரமாவா?"

"இன்சார்ஜ்தான். ஆனா நல்லா அடிக்கிறான்."

அந்தக் கடைசித் தகவலை நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் முதல் தினமும் மைதானத்துக்குப் போய்ச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மச்சான் உண்மையிலேயே நன்றாக அடித்தான். அவன் குறி தவறிய மாலைகளில் எனக்கு இரவுச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது. செப்டம்பரில் ஒருநாள், உள்ளே சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்துச் சொல்தாவிடம் சொன்னேன். உடனே ஒரு குண்டை நீட்டினார்.

"அப்பறம் என்னா? எறி."

"பதில் வரல."

"யோவ், பதில் வரலைன்னா சம்மதம்னு சொன்ன ஆளுதான நீ?"

"அந்த விதி வாபஸ்."

குண்டை வாங்கவில்லை. கையில் அதன் எடை எப்படியிருக்கும் என்பது தெரியும். வாங்கியிருந்தால் எறிந்திருப்பேன்.

அக்டோபர் கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். நிபுணர் வெளியூரில் இருந்தார், அவர் பார்த்துவிட்டுச் சொல்வார் என்றார் உதவியாளர். எப்போது என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் கொடுத்துவந்த பதில்கள் ஞாபகம் இருந்தன.

ஒரு காலை, மனைவி வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தபோது நிபுணரிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. முன்பு கறுப்புக் கோடு இருந்த இடத்தில், தகட்டுக்கு அடியில், வெள்ளையாக ஒரு பாலம். கீழே ஒரு வரி: "கூடிடுச்சு சார். மெதுவா எறிங்க."

சொல்தாவுக்கு அனுப்பினேன். "மச்சான்கிட்ட சொல்லிடறேன்" என்று எழுதினார்.

பதில் வந்த தேதி நவம்பர் ஒன்று. புதுச்சேரி விடுதலை நாள், அரசு விடுமுறை.