வடிதட்டில் நின்ற அரசு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அரசமரத்துக்கு ஓர் எதிரி இருந்தார். அது என் மாமிதான் என்று நான் முழுதாக நம்பினேன்.

மரம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். என் முழங்கை நீளம்தான். அது நின்றது நிலத்திலும் இல்லை, பூச்சாடியிலும் இல்லை. கீரை கழுவி வடியவிடும் பச்சை பிளாஸ்ரிக் வடிதட்டில் நின்றது.

மாமா, அம்மாவின் தம்பி. வீடுகளுக்கு வயர் இழுத்துக் கொடுக்கும் மின்சார வேலை அவருக்கு. அரியாலையில் எங்கள் வளவுக்கும் அவர்களுடைய வளவுக்கும் நடுவே ஒரு வேலி, வேலியில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் நுழைந்துதான் போவோம், வருவோம். யாரோ ஜப்பான்காரர் குட்டி மரம் வளர்ப்பதைக் கைப்பேசியில் பார்த்த நாளிலிருந்து மாமாவுக்கு அதே பைத்தியம். மரத்தைச் சின்னதாகவே வைத்திருக்க முதலில் வேரைப் பழக்க வேண்டுமாம். அதற்கு வடிதட்டுப் போல வேறொன்றும் கிடையாதாம்.

“வேர் ஓட்டையாலை வெளியிலை எட்டிப் பாக்கும். காத்துப் பட்டவுடனை நுனி காய்ஞ்சுபோம். பிறகு உள்ளுக்கை சின்னச் சின்ன வேராய்ப் பிரியும்” என்று எனக்கு விளங்கப்படுத்துவார்.

மாமி சோறு வடிக்கப் போவார், வடிதட்டு இருக்காது. கிணற்றடியில் ஒரு புளியங்கன்று அதற்குள் குடியிருக்கும். முதலில் நீலத்தட்டு போனது. பிறகு மாமியின் கலியாணத்துக்கு வந்த அலுமினியத்தட்டு. கடைசியில் பச்சை.

“இஞ்சேருங்கோ, நீத்துப்பெட்டியையும் கொண்டுபோய் மரம் வையுங்கோ. நான் கையுக்கை வைச்சுப் புட்டு அவிக்கிறன்” என்று மாமி குசினிக்குள் நின்று கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

பச்சைத்தட்டில் வைத்த அரசங்கன்று கிணற்றுக்கட்டு வெடிப்பில் தானாக முளைத்த ஒன்று. அம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை.

“அரசு கோயிலடியிலை நிக்கிற மரமடா. வீட்டிலை வைக்கக் கூடாது.”

“நிலத்திலை வைச்சால்தானே அக்கா? இது வடிதட்டிலை எல்லோ நிக்குது” என்றார் மாமா. இந்தச் சட்ட நுணுக்கத்தைக் கேட்டு அம்மா முகத்தைச் சுழித்தார். அதைப் பார்த்துவிட்டு, என்னுடையது என்றால் அக்கா பிடுங்கி எறியமாட்டார் என்று எண்ணியோ என்னவோ, மாமா அந்தக் கன்றை என் கையில் தந்துவிட்டார். “இது உன்ரை, பிள்ளை.”

அன்றிலிருந்து அது என்னுடையது. மாமா வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லின் மேல் அதை வைத்தேன். பள்ளிக்கூடம் போக முன் ஒரு தரம், வந்தபின் ஒரு தரம் தண்ணீர் வார்த்தேன். கறண்ட் வயரை உரித்து எடுத்த செம்புக்கம்பியை மாமா கிளைகளில் சுற்றித் தந்தார். இடப்பக்கக் கிளை மேல்நோக்கி வளைய வேண்டும் என்பது என் தீர்மானம். ஒன்றரை வருடம் பாடுபட்டு அது வளைந்துகொண்டு வந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் பெயரும் கொடுத்துவிட்டேன்.

ஒரு நாள் மாமி என்னிடம் வந்து, “நானும் உன்ரை மரத்துக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டே?” என்று கேட்டார்.

“ஏலாது. அது என்ரை” என்றேன். வடிதட்டைப் பறிகொடுத்தவர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கேட்கிறார் என்றால் அதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்பது என் கணக்கு.

கணக்குச் சரியென்றே பட்டது. சில நாட்களில் வடிதட்டைச் சுற்றி எறும்பு மொய்த்தது. மண்ணை மணந்து பார்த்தேன், பால் மணம். என் மரத்துக்குப் பாலை ஊற்றி எறும்பை அழைத்திருக்கிறார்கள்! இன்னொரு நாள் தண்டில் குங்குமம் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விடியப் பொட்டுக்குள்ளால் நுழைந்தபோது, முழுகிய ஈரத்தலையோடு மாமி தோய்க்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“என்ன மாமி தேடுறியள்?”

“ஒண்டுமில்லை... என்ரை வடிதட்டை எப்ப திருப்பித் தருவியள் எண்டு பாக்கிறன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், என் இடப்பக்கக் கிளை கீழே தொங்குகிறது. மஞ்சள் சீலைத்துண்டு ஒன்றின் இரண்டு தலைப்பையும் கிளையில் முடிந்து, நடுவே ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தார்கள். கம்பி விலகிவிட்டது. ஒன்றரை வருட உழைப்பு! கத்தரிக்கோலை எடுத்துவந்து அதை வெட்டினேன்.

மாமா வீட்டு விறாந்தையில் அம்மாவும் மாமாவும் மாமியும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வல்வெட்டித்துறையிலிருந்து பெரியம்மாவும் வந்திருந்தார். அவர்கள் நடுவில் சீலையையும் கல்லையும் வீசி எறிந்தேன்.

“மாமிதான் செய்தவ! உந்த ஒரு வடிதட்டுக்காக என்ரை மரத்தைக் கொல்லப் பாக்கிறா! பால் ஊத்தினதும் அவதான், விடியவெள்ளன சுத்திச் சுத்தி வந்ததும் அவதான். நான் என்ரை கண்ணாலை கண்டனான்!”

எல்லோரும் சீலைத்துண்டைப் பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் மாமியை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த கணம் அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது.

அடி எனக்கு! மரத்தைப் பாழாக்கியவர் கதிரையில் இருக்கிறார், பறிகொடுத்தவள் அடி வாங்குகிறாள். இப்படியோர் அநியாயம் எங்கேனும் நடக்குமா? நான் ஊரைக் கூட்டி அழுதேன்.

“அடிக்காதேங்கோ மச்சாள். அவளின்ரை மரம்தானே” என்றார் மாமி. குனிந்து அந்தச் சீலையை எடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போனார். மாமா எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றார். அவராவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவர்மேலும் ஆத்திரம் வந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, வேறு ஊரில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோயிலின் அரசமரத்தடியில் என் வயதுப் பெண் ஒருத்தி மஞ்சள் சீலைத்துண்டைக் கிளையில் கட்டி, அதற்குள் ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டதைக் கண்டேன். கடையில் வாங்கும் மரத்தொட்டில்கள் அப்படித் தொங்குவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சீலையிலும் தொட்டில் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கல்தான் பிள்ளை.

மாமிக்குக் கலியாணமாகி அப்போது எட்டு வருடம். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. நான்தான் பொட்டுக்குள்ளால் நாளுக்குப் பத்துத் தரம் போய்வந்தேனே. கோயிலடி அரசைச் சுற்றப் போனால் யார் சுற்றுகிறாள், எத்தனை வருடமாகச் சுற்றுகிறாள் என்று ஊர் எண்ணும். வாயால் கேட்காததைக் கண்ணால் கேட்கும். ஒரு மனுஷியைத் தன் வளவுக்குள்ளேயே ஒளித்து, வடிதட்டு மரத்தைச் சுற்ற வைத்த அந்தக் கண்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கண்களுக்கு முன்னால்தான் அவருடைய தொட்டிலைக் கொண்டுபோய் எறிந்திருக்கிறேன்.

நான் சீலையை எறிந்த மறுநாள் காலை என் மரத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் பையில் வைத்துத் தந்தது மாமிதான். இலைகளை ஈரத்துணியால் துடைத்திருந்தார். விலகிய கம்பியைத் திரும்பச் சுற்றிவிட்டிருந்தார். எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அந்தக் கிளை மட்டும் தொங்காமல் இருந்திருந்தால் முதற்பரிசு என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மாமி அதன் பிறகு வடிதட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. மரத்தடிக்கு வரவும் இல்லை. நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.