ரோஸ்மேரி வீட்டு டிஷ்

ரோஸ்மேரி பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மாடி வீட்டில் குடியிருக்கிறாள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. அங்கே மற்ற பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு உரிப்பார்கள். இவள் பார்த்துக்கொண்டே உரிப்பாள். யாருடைய செருப்பை யார் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள் என்று தகராறு வந்தால், கடைசியில் இவளைத்தான் கேட்பார்கள். இவள் கையைக் காட்டுவாள், அவ்வளவுதான்.

கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசை அவளுக்கு. அதிலும் தூணுக்குப் பின்னால். அந்தத் தூணை நம்பித்தான் இத்தனை வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

தவக்காலம் தொடங்கிய புதிதில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, ஈஸ்டர் அன்று ஒளிபரப்ப வேண்டிய பாட்டுகளை முன்கூட்டியே படம் பிடித்தார்கள். முன்னால் நின்று தனியாகப் பாட வேண்டிய சாராவுக்கு அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. குழு மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். பிறகு தூணுக்குப் பின்னால் கையை விட்டு ரோஸ்மேரியை இழுத்து விளக்கு வெளிச்சத்தில் நிறுத்திவிட்டார். பாடினாள். எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே தெரியாது. முடிந்ததும் மறுபடியும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. கணவன் ஜெரால்டிடம், "குரூப்பா பாட்டு எடுத்தாங்க," என்றதோடு சரி. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி அவளை விடவில்லை. பாடும்போது தன் முகம் என்ன செய்கிறது? கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பாடிப் பார்த்தாள். முதல் வரியிலேயே கண் தானாக மூடிக்கொண்டது. ஊரில் இருக்கிற முகமெல்லாம் பார்த்து வைத்திருப்பவளுக்குத் தன் முகம் மட்டும் பிடிபடவில்லை. ஈஸ்டர் அன்று மாலை ஐந்து மணிக்கு டிவியில் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

அவர்கள் வீட்டில் தவக்காலம் முழுக்க, சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை, டிவி போடுவதில்லை. கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவதைப் பார்த்து, ரோஸ்மேரியும் டிவிக்கு ஒரு ஊதாத் துணி தைத்து வைத்திருந்தாள். ஈஸ்டர் ஞாயிறு மதியம், ஆட்டுக்கறிக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு டிவியைப் போட்டாள்.

நீலத் திரை. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து.

"ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும்," என்றான் ஜெரால்ட், கட்டிலில் படுத்தபடியே போனைத் தடவிக்கொண்டு. "இந்தா, போட்டாச்சி. வரும் பாரு."

வரவில்லை.

"ரீசார்ஜ் இல்லன்னா வேற எழுத்துயா வரும். இது சிக்னலே இல்லன்னுது," என்றாள் ரோஸ்மேரி.

"ஆமா, நீ பெரிய இன்ஜினீரு." அவன் எழுந்து வந்து செட்டாப் பாக்ஸின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். பிளக்கைப் பிடுங்கிப் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் நீலமாகவே இருந்தது. "டிவி பக்கமே வராதவ நீ. இன்னிக்கி இன்னா இப்டி துடிக்கிற?"

"சும்மாதான்."

"இன்னா சும்மா? மாடில டிஷ் கொடை திரும்பிகினு கீது, அவ்ளோதான். நான் போயி திருப்பி வுடறேன்."

அவன் படியில் கால் வைப்பதற்குள் ரோஸ்மேரி போனை எடுத்து, டிஷ் மாட்டும் சுடலைராஜை அழைத்து, அதை அவன் காதில் வைத்துவிட்டாள். சுடலைராஜ் திருநெல்வேலிப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தான். போனில் அவனுக்குப் பின்னால் ஆடு கத்தியது.

"அண்ணாச்சி, கும்புட்டுக் கேக்கேன், குடையத் தொடாதீய," என்றான். "தொட்டுட்டா நான் வாற வரைக்கும் நீலக் கலருதான் பாக்கணும். மொதல்ல பாக்ஸுக்குப் பின்னால ஒயரக் கழத்துங்க. கடக்காத்துக்கு அது பச்சையாப் பூத்துக் கெடக்கும். நல்லா சொரண்டி மாட்டுங்க. வரலன்னா மேல போயி, குடைக்கு முன்னால எதாவது மறைக்கான்னு பாருங்க. துணி, காக்காக் கூடு, எது கெடந்தாலும் போச்சு."

ஒயர் நுனி பச்சையாகத்தான் இருந்தது. ரோஸ்மேரி சுரண்டி மாட்டினாள். நீலம் மாறவில்லை. ஜெரால்ட் மொட்டைமாடிக்கு ஏறிப்போய் உடனே இறங்கி வந்தான்.

"ஒரு மண்ணும் மறைக்கல. நம்ம கொடை சும்மா பளபளன்னு கீது," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். குழம்பு நன்றாக இருந்தது. சாப்பிட்டதும் தூங்கிப்போனான்.

நாலு மணி தாண்டிய பிறகு ரோஸ்மேரி பூனை மாதிரி மொட்டைமாடிக்கு ஏறினாள். அங்கே இரண்டு டிஷ்கள். ஒன்று அவர்களுடையது, மற்றது கீழ் வீட்டு வரலட்சுமியுடையது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயசு, ஒரே பக்கம் பார்த்து நின்றன. வரலட்சுமி வீட்டில் படம் ஓடும் சத்தம் மாடி வரை கேட்டது. அவர்கள் கட்டியிருக்கும் பணத்துக்கு ரோஸ்மேரிக்கு வேண்டிய சேனல் வராது. வந்திருந்தால் அங்கேயே ஒரு மூலையில் நின்று பார்த்திருப்பாள்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வரலட்சுமியின் தட்டு உப்புக்காற்றில் அரித்து, சொறி பிடித்த நாய் போல இருந்தது. துறைமுகத்துக் கரித்தூள் வேறு படிந்திருந்தது. ஆனால் அது வேலை செய்கிறது. இவர்களுடையது புதுக் கல்யாணப் பாத்திரம் போல மின்னியது. அதில் ஒன்றுமே வரவில்லை.

பளபளப்புக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். ஜெரால்டுக்குக் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் பெயிண்ட் அடிக்கும் வேலை. தவக்காலத்தில் குடியும் கிடையாது, டிவியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கை சும்மா இருக்க மாட்டாமல், மிச்சம் கிடைத்த அலுமினியப் பெயிண்டைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி மூடி என்று வரிசையாக அடித்துக்கொண்டு வந்தான். கடைசியில் டிஷ்ஷுக்கும் மூன்று பூச்சு. கப்பலில் அவர்களுக்கு ஒரே பாடம்தான்: ஒரு பொட்டு இடம்கூட விடக் கூடாது, விட்ட இடத்தில்தான் துரு பிடிக்கும். அவனும் விடவில்லை.

தட்டுக்கு முன்னால் நீண்டிருக்கும் கம்பியின் நுனியில் ஒரு குமிழ் இருக்கிறதே, அதை ரோஸ்மேரி அப்போதுதான் நின்று கவனித்தாள். வரலட்சுமியின் குமிழுக்கு முகத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி. இவர்களுடையதிலும் அதுதான் இருக்க வேண்டும். இப்போது அங்கேயும் வெள்ளி நிறம்.

சுடலைராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. மறைக்கிறதா? அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வரலட்சுமியின் குமிழை உள்ளங்கையால் மெல்லப் பொத்தினாள்.

"டேய்! எவன்டா மேல? படம் போச்சி!" என்று கீழிருந்து வரலட்சுமி கத்தினாள்.

கையை எடுத்தாள். படச் சத்தம் மறுபடி கேட்டது. ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கலாம் அல்லவா? மறுபடியும் பொத்தினாள்.

"பேமானி! இப்ப மேல வந்தன்னா..." வந்தேவிட்டாள் வரலட்சுமி, கையில் துடைப்பத்தோடு. ரோஸ்மேரியைப் பார்த்ததும் துடைப்பம் இறங்கியது. "நீயாமே? வெயில்ல நின்னு மூள கீள கொழம்பிடுச்சா?"

"அக்கா, இதுதான் கொடையோட வாயி," என்றாள் ரோஸ்மேரி, குமிழைத் தொட்டு. "வானத்துலேந்து வர்றது தட்டுல பட்டு இதுக்குள்ள பூருது. எங்க வூட்டாரு வாய்க்கும் சேத்து பெயிண்ட் அடிச்சிட்டாரு."

வரலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "அவன் வாய்க்கு அடிச்சிருந்தா சந்தே நிம்மதியா இருந்திருக்கும்."

நேரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் மேல்பூச்சுதான் வந்தது. கத்தி போட்டால் பிளாஸ்டிக் கிழிந்துவிடும் என்று பயம். ரோஸ்மேரி கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். இறால் தோடு மாதிரி பெயிண்ட் சுருண்டு வந்தது. பிறகு அவள் விரல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வரலட்சுமி படி வளைவில் நின்றுகொண்டாள். ரோஸ்மேரியின் குரல் வீட்டுக்குள் எட்டாது என்பதால் அவளே ஒலிபெருக்கி. "ஏய் ஜெரால்டு! ஏந்திரி! டிவில இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல!" என்றது தூக்கக் குரல்.

இன்னொரு சுருள் விழுந்தது.

"இப்ப?"

"கட்டம் கட்டமா வருது! எவனோ மூஞ்சி... கோயிலு மாரி கீது!"

ரோஸ்மேரி அவசரமாக அழுத்திச் சுரண்டியதில், குமிழைப் பிடித்திருந்த துருப்பிடித்த திருகாணி ஒன்று பொட்டென்று உடைந்தது. குமிழ் தலை சாய்த்தது.

"போச்சி!"

கையால் தூக்கி நேராக நிறுத்தி, பின்பக்கமாகப் பிடித்தாள்.

"வந்துச்சி! அப்டியே வுடு!"

விட்டால் போய்விடும். கீழே பாட்டு தொடங்கிவிட்டது. முதலில் எல்லாரும் சேர்ந்து, பிறகு ஒரு பெண் குரல் மட்டும். யாரோ நன்றாகப் பாடுகிறாளே என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் அது யார் என்று புரிந்து காது சூடாகிப்போனது. தன் வீட்டிலிருந்து தன் குரல் படியேறி வருகிறது; பார்க்கப் போக முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

தடதடவென்று ஜெரால்ட் ஏறி வந்தான். லுங்கி ஒரு கையில், மூச்சு இரைந்தது. "ரோஸு! டிவில நீ கீறமே! நீ ஒண்டியா பாடறமே!"

"வுட்டா போயிடும்யா."

"எங்க, குடு இப்டி. நான் புடிக்கிறேன், நீ ஓடு." கையை மாற்றிக்கொண்டவன் குமிழை உற்றுப் பார்த்தான். "எந்த மடையன் இதுல போயி பெயிண்ட் அடிச்சான்?"

"நீதான்யா," என்று சொல்லிவிட்டு ரோஸ்மேரி ஓடினாள்.

திரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கண்கள் மூடியிருக்கவில்லை, அகலமாகத் திறந்து, எதையோ தேடுவதுபோல உயரே பார்த்துக்கொண்டிருந்தன. புருவம் ஒன்று ஏறியிருந்தது. பக்கத்தில் தொங்கிய வலது கையின் கட்டைவிரல் மட்டும் தாளத்துக்கு ஏற்றபடி, இல்லாத இறாலை உரித்துக்கொண்டே இருந்தது. ரோஸ்மேரி தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். நகத்துக்குள் வெள்ளிப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சிரிப்பு வந்தது.

மேலேயிருந்து ஜெரால்ட், "தெரியுதா ரோஸு?" என்று கேட்டான்.

அவளுடைய பதிலை வாங்கி மேலே அனுப்பப் படி வளைவில் வரலட்சுமி காத்திருந்தாள். அதற்கு அவசியம் வரவில்லை.

"நல்லா தெரியுதுயா! கைய எடுத்துராத!" என்று ரோஸ்மேரி கத்தினாள். சந்தில் நாலு ஜன்னல்கள் திறந்தன.