கால் தரையில் படவில்லை

குலசேகரம் ரோட்டில் இன்று காலை நல்ல மூடுபனி. வழக்கம்போல் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ரப்பர் தோட்டத்து வளைவில் பின்னால் ஒரு டெம்போ வந்தது. ஹார்ன் அடிக்கவில்லை. எனக்குப் பாதி ரோட்டை விட்டுக்கொடுத்து, சத்தமே இல்லாமல் விலகிப் போனது. டிரைவர் என் பக்கம் திரும்பாமல் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டார்.

இப்படியும் மரியாதை தெரிந்த மனிதர் இருக்கிறாரே என்று நினைத்தேன்.

அடுத்த டீக்கடையில் அதே டெம்போ நின்றது. டிரைவர் கடைக்காரரிடம் நடுங்கிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த வளவுல வண்டி இடிச்சு ஒரு சைக்கிள்காரன் செத்தாம்லா, அவனையாக்கும் இப்ப கண்டேன் அண்ணாச்சி. காலு தரையில படவே இல்ல, பாத்துக்கிடுங்க."

"சைக்கிள் சவிட்டும்போ கால் எப்படிண்ணே தரையில படும்? அது நானாக்கும்" என்றேன்.

இரண்டு பேரும் நான் டீ குடித்து முடிக்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் காது கிழிய ஹார்ன். அதே டெம்போ. முழங்கையை உரசிக்கொண்டு போனதில் ஓரத்துச் சேற்றில் இறங்கிவிட்டேன்.

"ஏலே, ஓரமா போலே!"

சொல்லுங்க மக்கா, நாளைக்கு அந்த வளைவில் நான் யாராகப் போகட்டும்?