சிவப்பு நூல் கட்டிய ஹவாய்

இப்போது நான் நடத்தும் தையல் யூனிட்டின் வாசலில், செருப்பு ரேக்கின் அடிவரிசையில் நீல வார் போட்ட ஹவாய் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் இருக்கும். வாரில் சிவப்பு நூல் முடிச்சு. யாரும் அதைப் போடுவதில்லை. தூக்கி எறியச் சொல்ல எனக்கும் மனம் வராது.

அது செக்கிங் அக்காவுடையது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் புதிதாகச் சேர்ந்தபோது பக்கத்து மேஜையில் தைத்த பீஸ்களில் குறை பார்த்தவர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். துணியில் அழுக்குப் படக்கூடாதென்று செருப்பை வாசலிலேயே விட வேண்டும். எல்லாருடையதும் ஒரே நீல ஹவாய் என்பதால் ஆளுக்கொரு நிறத் தையல் நூலை வாரில் கட்டிக்கொள்வோம். அக்காவுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை.

ஒருநாள் டீ டைமில், ஹவாய் என்ற இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பேச்சு கிளம்பியது. "அது கடலுக்கு நடுவுல இருக்கற தீவுங்க. அங்க மணல்ல நடக்க இதத்தான் போடுவாங்களாமா" என்றார் சூப்பர்வைசர் அண்ணன். பீகார்க்காரக் கட்டிங் மாஸ்டர் விடவில்லை. "இல்ல அண்ணா, எங்க பாஷையில ஹவான்னா காத்து. காத்து மாதிரி லேசு." எது சரியென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. "நல்லாருக்கு போங்க! மணல்ல நடக்கதுக்கு எதுக்குச் செருப்பு? எங்கப்பா பாத்தா வைவாரு. மணலு கால்ல பட்டாத்தான் நம்ம ஊருன்னு தெரியும்பாரு."

அந்தச் சித்திரையில் அக்காவின் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. உயிரோடு முகம் பார்த்துவிட வேண்டுமே என்று அக்கா தவித்துப்போனார். மதியம் பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து என் பச்சை நூல் அறுந்துவிட்டது. அன்று தையல் லைனில் ஓடியது சிவப்பு டீஷர்ட். கைக்குக் கிடைத்த சிவப்பு நூலையே கட்டித் தொலைத்திருந்தேன். அவசரம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடியபோது அக்காவின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

திரும்பி வந்தால் அக்கா இல்லை. என் செருப்பு அப்படியே கிடந்தது. "இதப் போட்டுட்டுப் போங்கன்னு சொன்னனுங்க. 'வேற ஆளோடது, வெயில்ல அவ என்ன செய்வா'ன்னுட்டு வெறுங்காலோட ஓடிருச்சுங்க" என்றார் வாட்ச்மேன். வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. என்னை நானே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வந்தார். "என்னாலதானுங்க்கா..." என்று செருப்பை நீட்டி அழுதேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதட்டி. ஊர்ல வீட்டு வாசல்ல போய் நிக்கேன், காலு பூரா மணலு. அப்பா என் காலயேதான் பாத்தாரு. 'எம்மவ மறக்கல பாத்தியா'ன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் அவரு பேசல."

அடுத்த வருஷம், தனியாக இருந்த அம்மாவுக்குத் துணையாக அக்கா ஊரோடு போய்விட்டார். போகும்போது செருப்பை என்னிடமே கொடுத்துவிட்டு வெறுங்காலோடுதான் பஸ் ஏறினார். நேற்றுப் போனில் கேட்டேன்: "ஏனுங்க்கா, உங்க செருப்பு இன்னும் இங்கதான் இருக்குதுங்க. அனுப்பட்டுங்களா?"

"எதுக்குட்டி? மணல்லதான நடக்கேன்."

செருப்பைத் துடைத்து, அடிவரிசையிலேயே வைத்தேன்.