இடியனுக்குள் மருந்து இருக்கிறதா?

என் கணவர் காய்ச்சலோடு முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடையார்கட்டில் நெல் பால் பிடிக்கும் நேரம். பக்கத்து வயல்காரர் படலையில் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணையின்ரை துவக்கை ரெண்டு நாளைக்குத் தாங்கோவன். காட்டுப்பண்டி வயலை உழுத உழவுக்குக் கூலியும் கேக்கும் போலை கிடக்கு."

வாய்வழியே வெடிமருந்தும் ஈயமும் போட்டுக் கம்பியால் இடிக்கும் இடியன் துவக்கு அது. அறைச் சுவரில் இரண்டு முளைகளில் கிடந்தது. கீழே எங்கள் ஐந்து வயது மகளின் பாய். றங்குப் பெட்டியில் ஏறி நின்று அந்தக் குழாய் வாய்க்குள் ஊதிச் சத்தம் எழுப்புவது அவளுக்கு விளையாட்டு.

இரவல் கொடுக்கலாமா? லைசென்ஸை எடுத்து வாசித்தேன். கணவரின் பெயர், துவக்கின் இலக்கம், பயிர்க்காவலுக்கு என்று ஒரு வரி. நான் தொடலாமா என்றுகூட அதில் இல்லை. கிராம அலுவலரான விதானையாரிடம் போனேன்.

"பேர் உள்ளவர்தான் பிடிக்கவேணும், பிள்ளை. இரவல் குடுத்தால் உங்கள் ரெண்டு பேருக்கும் வழக்கு."

"அவர் ஆஸ்பத்திரியிலை எல்லோ?"

"அப்ப துவக்குக்கும் காய்ச்சல் எண்டு நினையுங்கோ."

"தூசி தட்டலாமோ?"

"தட்டலாம். உள்ளுக்கு மருந்து கிடக்கோ?"

எனக்குத் தெரியாது. மகள் ஊதுவதைச் சொன்னேன். அவர் சால்வையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

துவக்கை இறக்கி, ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடித்தார். கம்பியை உள்ளே விட்டு, முட்டிய இடத்தில் வாயோரம் விரலால் பிடித்தார். வெளியே எடுத்து அதே அளவைக் குழாயின் மேல் வைத்துக் காட்டினார். அடி வரைக்கும் போகவில்லை.

"நாலு விரல் குறையுது. மருந்து கிடக்குது."

மகளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்போதும் கேள்விதான் வந்தது. "எப்ப போட்டிருப்பார்?"

"அதை அவரிட்டைத்தான் கேக்கவேணும்."

படலையில் இன்னும் நின்ற வயல்காரர், "அப்பிடியே தாங்கோ, பண்டியிலை இறக்கிவிடுறன்" என்றார்.

"நீ பேசாமல் தண்ணி அள்ளிக்கொண்டு வா" என்றார் விதானையார்.

குழாய்க்குள் நீர் ஊற்றி ஊறவைத்து, நுனி முறுக்கிய கம்பியால் மருந்தை அடைத்த தும்பை இருவரும் கிண்டி எடுத்தார்கள். கரிச்சேறும் ஈயத் துண்டுகளும் முற்றத்தில் விழுந்தன. துவக்குக்கு ஏன் முழுக்கு என்று மகள் கேட்டாள்.

கணவர் வந்ததும், ஏன் மருந்தோடு மாட்டிவைத்தார் என்று கேட்டேன்.

"மேலை பொறி தட்டுற கேப்பு வைக்கேல்லைத்தானே. கேப்பு இல்லாமல் எப்பிடி வெடிக்கும்?"

"அடுப்புப் பொறி பட்டால்?"

"யானை வந்தால் நான் மருந்து இடிக்குமட்டும் நிக்குமோ?"

"அப்ப மருந்து போட்ட துவக்கும் நீங்களும் வயல் கொட்டிலிலை படுங்கோ. பிள்ளை படுக்கிற அறைக்குள்ளை அது வரக்கூடாது."

"லைசென்ஸிலை வீட்டு விலாசமெல்லே கிடக்குது. கொட்டிலிலை வைக்க விடுவினமோ?"

"போய்க் கேளுங்கோ" என்றேன்.

விதானையாரிடம் கேட்கப் போயிருக்கிறார். துவக்கு விறாந்தையில், வாய் வெளியே பார்க்கக் கட்டிக் கிடக்கிறது.