சம்பந்தியம்மாவின் பெயர்

பேத்திக்குப் பெயர் வைத்த அன்று, அமெரிக்காவில் பேர்லேண்டில் மகன் வீட்டு ஹாலில், பித்தளைத் தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. குழந்தையின் காதில் பெயர் சொல்ல அத்தை முறையில் ஒருத்தி வேண்டும். எங்களுக்கு மகள் கிடையாது. "நீங்களே சொல்லுங்க சம்பந்தி" என்று என் மனைவி தமிழிலேயே சொல்லிக் கையைக் காட்டினாள். சம்பந்தியம்மா சாய்வு சோபாவிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். குனிந்து தன் பெயரையே மூன்று முறை குழந்தையின் காதில் சொன்னார். மூன்றாவது முறை சிரித்துவிட்டார். "என்னை நானே கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மகன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்.

அவர் ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்தவர். என் மகன் அங்கே படிக்கப் போன இடத்தில் அவருடைய மகளைத் திருமணம் செய்துகொண்டான். ஹூஸ்டனில் வேலை கிடைத்து இருவரும் பேர்லேண்டில் வீடு வாங்கினார்கள். குழந்தை பிறந்ததும் மதுரையிலிருந்து நாங்களும், ஆஸ்திரேலியாவிலிருந்து அவரும் வந்து சேர்ந்தோம். ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகள். கார் ஓட்டத் தெரியாத மூன்று பேர். பகலெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை.

பழங்குடி மூதாட்டி என்றதும் என் மனதில் ஒரு சித்திரம் இருந்தது. அதில் எதுவும் அவரிடம் இல்லை. மத்தியானம் டிவியில் வரும் நீதிமன்ற நிகழ்ச்சிதான் அவருக்கு உயிர். நீதிபதி வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவார். நான் மதுரையில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன் என்பதால் என்னை "நியூஸ்பேப்பர்" என்று கூப்பிட்டார். "என்ன நியூஸ்பேப்பர், இவன் பொய் சொல்றான்னு உனக்குத் தெரியலையா? உன் பேப்பரை எவன் காசு குடுத்து வாங்கினான்?" மகன் இதை மொழிபெயர்க்கத் தயங்குவான். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

தன் கதையையும் ஒரு வழக்கு விவரம் போலத்தான் சொன்னார், விளம்பர இடைவேளைகளில். பழங்குடிப் பிள்ளைகளை அரசாங்கமே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வளர்த்த காலம் அது. நான்கு வயதில் அரசாங்க ஆட்கள் வந்து அவரை அம்மாவிடமிருந்து கொண்டுபோனார்கள். அக்கா அன்று பெரியவர்களோடு வெளியே போயிருந்ததால் தப்பினார். சர்ச் நடத்திய விடுதியில் வேறு பெயர் வைத்தார்கள். பழைய பெயரைச் சொன்னால் அடி விழுந்தது, சீக்கிரமே மறந்துவிட்டது. மகள் பிறந்த பிறகுதான் சொந்த ஊரைக் கண்டுபிடித்துப் போனார். அம்மா அதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்திருந்தார். அக்கா இவரைக் கட்டிக்கொண்டு, மறந்துபோன பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அதுவே மறுபடி அவர் பெயர்.

அம்மாவின் பெயரைக் கேட்டபோது அக்கா சொல்லவில்லை. இறந்தவர் பெயரை உச்சரிப்பது அவர்களிடையே வழக்கமில்லை. படத்தையும் பார்க்க மாட்டார்கள். அதே பெயர் கொண்டவர் வேறு யாராவது இருந்தால் அவரையும் மாற்றுப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். துக்கம் ஓய்ந்தது என்று குடும்பத்தில் மூத்தவர் முடிவு செய்து, தானே ஒருநாள் அந்தப் பெயரைச் சொல்லும்வரை அப்படித்தான். சம்பந்தியம்மா பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலையில் சேர்ந்து காத்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு காலை தேநீர் ஊற்றிக்கொண்டே அக்கா பேச்சோடு பேச்சாக அந்தப் பெயரைச் சொன்னார்.

"அழுதீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"டீ ஆறிப்போச்சு" என்றார்.

பேத்திக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றது என் மகன். மூத்தவர் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கம் மரியாதை. மருமகள் தயங்கினாள். சம்பந்தியம்மா, "நான் இருக்கிறவரைக்கும் ஒண்ணும் இல்லை, வையுங்க" என்றார். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு நோய் முற்றி டாக்டர்கள் கைவிரித்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார். மருமகளும் உடன் போனாள். செய்தி வந்த அன்று என் மனைவி, நம் வீட்டில் எப்போதும் செய்வதைச் செய்தாள். சிரித்த முகமாக இருந்த படம் ஒன்றைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, மாலை போட்டு, விளக்கு ஏற்றினாள். அடக்கம் முடிந்து திரும்பிய மருமகள் பெட்டியோடு வாசலில் நின்றவள், படத்தைக் கண்டதும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாமா, ப்ளீஸ், எடுத்துடுங்க. அம்மா பேரையும் யாரும் சொல்லாதீங்க." நான் படத்தைக் கழற்றினேன். மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. யாரும் பொறுக்கவில்லை.

அதற்குள் பேத்தி மாடியிலிருந்து ஓடிவந்தாள். மருமகள் அவளைக் கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

அதற்கு வழி கண்டவள் என் மனைவி. என் பெயரை அவள் இன்றுவரை சொன்னதில்லை. விசா நேர்காணலில் கணவர் பெயரைக் கேட்டதற்குப் பாஸ்போர்ட்டை நகர்த்தி வைத்தவள். "இதுல என்ன இருக்கு? பாப்பான்னு கூப்பிடுவோம்" என்றாள். அன்றிலிருந்து பேத்தி பாப்பா ஆனாள். வீடு அதற்குப் பழகிவிட்டது. நீதிமன்ற நிகழ்ச்சியும் நின்றுபோனது. நானும் மனைவியும் அந்த நேரத்தில் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருப்போம். எனக்குத் துக்கம் என்று தனியாக எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஆகஸ்டில் பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். ஆசிரியை மண்டியிட்டு, உன் பெயர் என்ன என்று கேட்டார். "பாப்பா" என்றாள். அது வீட்டுப் பெயராக இருக்கும், உண்மையான பெயர் என்ன என்றார் ஆசிரியை. குழந்தை பேசவில்லை. மருமகள் கம்ப்யூட்டரைக் கைகாட்டினாள். ஆசிரியை கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து அவரே அந்தப் பெயரைப் படித்தார். குழந்தையிடம் அசைவில்லை.

திரும்பும் வழியில் மருமகள் காரை ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினாள். "மறந்துட்டா மாமா" என்றாள். "இதே நாலு வயசுலதான் அம்மாவும் இந்தப் பேரை மறந்தாங்க. அப்ப கவர்ன்மென்ட் பண்ணினதை இப்ப நான் பண்றேன்." அழவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. பின்சீட்டில் பாப்பா ஜன்னலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மருமகள் ஆஸ்திரேலியாவுக்குப் போன் செய்தாள். சம்பந்தியம்மாவின் அக்காதான் இப்போதும் குடும்பத்தில் மூத்தவர். போனைச் சமையல் மேடையில் ஸ்பீக்கரில் வைத்துப் பள்ளியில் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று நேராகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதும் முறையில்லை போலிருக்கிறது. லைன் போய்விட்டதோ என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

பிறகு அந்த அக்கா பெயரைச் சொன்னார். குழந்தையைக் கூப்பிடும் குரலில், சத்தமாக.

பாப்பா தரையில் படுத்து ஒரு லாரிக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. மருமகள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மறுபடி கூப்பிட்டார். பாப்பா எழுந்து வந்து, எட்டாத மேடையை அண்ணாந்து பார்த்து, கோபமாக ஆங்கிலத்தில் சொன்னாள்:

"அது நானா பேரு. அதைச் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

நானா என்றுதான் தன் ஆஸ்திரேலியப் பாட்டியை அவள் கூப்பிடுவாள். மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்" என்றார் அக்கா. "இப்ப நான் சொல்லிட்டேன். இனிமே நீயும் சொல்லலாம். உன் பேரும் அதுதானே?"

"தெரியும்" என்றாள் குழந்தையும்.

"எங்கே, சொல்லு பார்ப்போம்."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். மருமகள் தலையசைத்தாள். பாப்பா கொஞ்சம் யோசித்தாள்.

"டுமாரோ" என்று சொல்லிவிட்டு லாரிக்குச் சக்கரம் போடப் போனாள்.