பகையாளிக்குப் பார்த்த எட்டு மெஷின்

பனியன் மெஷின் ஃபிட்டரை யாரும் சும்மா நலம் விசாரிக்க வரமாட்டார்கள். வாசலில் ஆள் வந்து நின்றால் எங்கோ மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்தவர் மெஷினில் கைவைத்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் நம்பினால் போதும்.

அறுபதுகளில் திருப்பூரில் நான் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். பழனிச்சாமி என்று இன்னொரு ஃபிட்டர் இருந்தார். அவருக்கும் எனக்கும் ஆகாது. "அந்த வேதக்காரரு தொட்ட மெஷின் ஜெபம் பண்ணுனாத்தான் ஓடுமுங்க" என்று கம்பெனி கம்பெனியாகச் சொல்லி வைத்திருந்தார். வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர், அதாவது நான். எங்கள் பக்கத்தில் திட்டுவதும் ‘ங்க’ போட்டுத்தான்.

சர்ச் வாசலில் பாய்

கம்பெனிக்கு ஞாயிறு லீவு. மெஷினைக் கழற்றிப் பார்க்க அன்றுதான் தோது. ஆராதனையும் அன்றுதான். இதை யார் ஏற்பாடு செய்தார்களோ தெரியாது.

ஒரு ஞாயிறு காலை காதர் பாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சர்ச் வாசலில் நின்றார். நல்லூர்ப் பக்கம் எட்டு மெஷின் போட்டிருந்தவர். எட்டையும் பார்த்து வந்தது பழனிச்சாமி. என்னைத் தேடி வந்தது அதிசயம். உள்ளே போதகர், பகையாளிக்கு நன்மை செய்வதைப் பற்றி அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாய் கும்பிடு போட்டார். ஒரு மனுஷன் அப்படி வெயிலில் நின்றால் எவன் பிரசங்கம் கேட்பான்? எழுந்து வந்துவிட்டேன். பாய்க்கு ஒரே சங்கடம்.

"ஏனுங்க பாதியில வந்துட்டீங்க? சாமி கும்புட்டு மெதுவா வாங்க. அவசரமே இல்லீங்க. துணியெல்லாம் கோடு கோடா விழுகுது, அவ்வளவுதான்."

ஊசி

மெஷினைத் திறந்தேன். இரண்டு கம்பெனி ஊசிகளைக் கலந்து போட்டிருந்தது. ஒன்று மற்றதைவிட மயிரிழை நீளம். கலந்துவிட்டால் துணியில் மேலிருந்து கீழே கோடு விழும். அந்தப் பனியனை யாரும் வாங்கமாட்டார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பிரித்துவிடுவான், கண் தெரிந்தால். போட்டது பழனிச்சாமி. இருபது வருஷ சர்வீஸ்.

விஷயம் புரிந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது. மறைக்கவில்லை. பிறகு காலையில் கேட்ட பிரசங்கம் ஞாபகத்துக்கு வந்தது. பாதியில் எழுந்து வந்ததால், ஒரே தொழில் செய்பவர்களுக்கு விதிவிலக்கு ஏதும் உண்டா என்று தெரியவில்லை.

என்ன கோளாறு என்று பாய் கேட்டார். ஊசி என்றேன். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. இனி எட்டு மெஷினையும் நீங்களே பாருங்கள் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

"வேலை குடுத்தா யோசனை பண்ற ஃபிட்டரை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

மோர்

சாயங்காலம் பழனிச்சாமி வீட்டுக்குப் போனேன். வா என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி ராமாத்தாள் சொன்னார். மோர் வந்தது. பழனிச்சாமியின் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளித் துழாவியது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டார்.

இரண்டு கண்ணிலும் புரை. முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் அறுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. போய்ப் படுத்தால் ஒரு மாசம். அதற்குள் கம்பெனிகள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். புரை அறுத்தவன் என்று தெரிந்தால் ஊசிப் பக்கம் யார் விடுவார்கள்? அதனால் போகவில்லை. வேலை போவதற்குப் பதில் கண் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "நாளைக்கே போங்க. ஒரு மாசம் உங்க கம்பெனியை எல்லாம் நான் பாக்கறேன். வந்ததும் திருப்பி உங்களுக்கே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அன்பாகச் சொல்ல எனக்கு வராது. அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"நீங்க திருப்பிக் குடுப்பீங்களாக்கும்? உங்க எடத்துல நான் இருந்தா குடுக்கமாட்டனுங்க."

பாதயாத்திரை

ஆஸ்பத்திரி விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது அவர் நிபந்தனை. யாராவது கேட்டால் பழனிக்குப் பாதயாத்திரை போய் அங்கேயே தங்கிவிட்டார் என்று சொல்லச் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன் என்றேன். கேட்டவர்களிடம் "வெளியூரு. அதுக்கு மேல கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். பொய்யே சொல்லியிருக்கலாம்.

ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. பழனிச்சாமியைக் காணோம். அவர் வேலையை வேதக்காரன் செய்கிறான். கோயமுத்தூரில் மிஷன் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் அவர் நுழைந்ததை எவனோ பார்த்திருக்கிறான். ஒரே வாரம். அருள்புரத்தில் கம்பெனி வைத்திருந்த ஒரு கவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நெசத்தைச் சொல்லிப்போடுங்க, நான் ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டேன். ஞானஸ்நானத்துல பழனிச்சாமிக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

கஞ்சி

அறுத்த பிறகு இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. ராமாத்தாளுக்கு ஞாயிறு ஒருநாள் ஊருக்குப் போய் மாட்டைப் பார்க்கவேண்டியிருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். ஸ்பூனில் கஞ்சி ஊட்டினேன். சூடு என்றார். ஆற்றினேன். சப்பென்று இருக்கிறது என்றார். உப்புப் போட்டேன். ஊசி மாட்டும்போதும் இப்படித்தான் கை நடுங்குமா என்றார். ஸ்பூனை அவர் வாயில் வைத்தேன். அது ஒன்றுதான் வழி.

பக்கத்துக் கட்டிலில் ஊத்துக்குளிக்காரர் ஒருவர். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கூடப் பொறந்தவருங்களா? வேத்தாளா இருந்தா இப்படித் திட்டமாட்டாரு."

திருப்பிக் கொடுத்தது

மாசம் முடிந்தது. பாய் விடவில்லை. துணி கண்ணாடி மாதிரி வருகிறது, எட்டும் உங்களிடமே இருக்கட்டும் என்றார். எனக்கும் ஆசைதான். எட்டு மெஷின் என்றால் இன்னொருத்தர் வாசலில் வேலை கேட்டு நிற்கவேண்டாம். என் வீட்டுக் கூரை அந்த வருஷமும் ஒழுகியது. இரண்டு நாள் ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைத்தேன்.

மூன்றாம் நாள் போய், "பழனிச்சாமி வந்துட்டாரு. கண்ணாடி போட்டிருக்காரு, இனி மறைக்க முடியாது. கண்ணுல புரை இருந்துது, எடுத்தாச்சு. இனி அவரு பாப்பாரு. நான் வரமாட்டேன்" என்றேன். பாய் ஏதோ சொல்ல வந்தார். நிற்காமல் வந்துவிட்டேன். நின்றிருந்தால் சம்மதித்திருப்பேன்.

வீட்டில் என் மனைவி எஸ்தர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆண்டவரு எட்டு மெஷினை வாசல்ல கொண்டாந்து எறக்கினாரு. நீங்க அட்ரஸ் தப்புன்னு திருப்பி அனுப்பிப்போட்டீங்க."

கண்ணாடி

பழனிச்சாமி சோடாபுட்டிக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தார். முதல் நாளே பாய் கம்பெனிக்குப் போய் எட்டு மெஷினையும் திறந்து, நான் போட்ட ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். விஷயத்தைச் சொல்ல பாயே சைக்கிளில் வந்தார். நானும் மனுஷன்தான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க: ‘இத்தனை வருசமா அவரு வேலை மோசம்னு குத்துமதிப்பாத்தான் சொல்லிட்டிருந்தேன், இப்பத்தான் தெளிவாப் பாக்கறேன்.’"

பகையாளிக்கு அன்பு காட்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கண் வந்த பிறகு அவர் முதலில் பார்ப்பது நம் குறையைத்தான் என்பதற்கு மட்டும் தயாராக இருந்துகொள்ளவேண்டும்.